பசியில்லாத மீனுக்கு ஒரு தூண்டில்: டே நதியில் ஒரு சால்மன் காலை

ஆற்றுக்குள் ஏறிய அட்லாண்டிக் சால்மன் சாப்பிடாது. ஸ்காட்லாந்தின் டே நதிக்கரையில் ஒரு மே மாதக் காலையில் செய்யும் காரியம் ஒவ்வொன்றுக்கும் காரணம் இதுதான். கிரீன்லாந்துக் கடல் வரை போய், ஒரு குளிர்காலமோ இரண்டு மூன்றோ அங்கே தின்று கொழுத்துவிட்டு, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன் இது. நன்னீருக்குள் வந்ததும் இரைப்பை சுருங்கிவிடும். மே மாதம் ஆறேறிய மீன், நவம்பர் டிசம்பரில் பரல்மண்ணில் குழிபறித்து முட்டையிடும் வரை உடம்பில் இருக்கும் கொழுப்பை வைத்தே காலம் தள்ளுகிறது.

அப்படிப்பட்ட மீன் இறகும் முடியும் சுற்றிக் கட்டிய ஒரு முள்ளை, அதாவது ஃப்ளையை, ஏன் கவ்வுகிறது? எரிச்சல் என்பார்கள், கடலில் தின்ற பழக்கம் என்பார்கள், தன் இடத்தைக் காக்கிறது என்பார்கள். எதுவாக இருந்தாலும் நமக்கு விளைவு ஒன்றுதான். இரை காட்டி ஏய்க்க முடியாது. கவ்வும் மனநிலையில் இருக்கும் மீனின் மூக்குக்கு முன்னால், அது விரும்பும் வேகத்தில், ஃப்ளையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அந்த மீன் எங்கே கிடக்கிறது என்பது தெரியாததால் மடு முழுவதையும் ஒழுங்காகத் துழாவ வேண்டும்.

ஏரியிலும் வாய்க்காலிலும் மண்புழு கோத்துத் தக்கை போட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு பழக்கம் எதிரி. தக்கை அமுங்கியதும் வெட்டி இழுக்கும் கை. அதைப் பிறகு பார்ப்போம்.

(நம் மீன் சந்தையில் காலாவை ‘இந்தியன் சால்மன்’ என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. காலா வேறு குலம். பெயர் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது.)

அனுமதி, நாள், கில்லி

இங்கிலாந்தில் தூண்டில் போட அரசு உரிமம் வேண்டும். ஸ்காட்லாந்தில் சால்மனுக்கு அப்படி உரிமம் இல்லை, ஆனால் ஆற்றில் சால்மன் பிடிக்கும் உரிமை தனிச் சொத்து. நிலம் ஒருவருடையதாகவும் மீன் உரிமை இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். அந்த உரிமைக்காரரிடம் நாள் வாடகைக்கு ஆற்றின் ஒரு துண்டை வாங்க வேண்டும். அந்தத் துண்டுக்குப் பெயர் ‘பீட்’. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் சால்மனுக்குக் கோலை நீட்டுவது குற்றம்.

டே நதியில் பருவம் ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரை. ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது ஸ்காட்லாந்து முழுவதும் சட்டப்படி தடை. லண்டனிலிருந்து வார இறுதிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருபவர்கள் இதைக் கவனிக்காமல் இரண்டு நாளுக்கு அறை எடுத்துவிடுவார்கள். கையில் கிடைப்பது சனி மட்டும். ஏப்ரல் 1க்கு முன் பிடிபடும் எந்தச் சால்மனையும் கொல்லக்கூடாது. அதன் பிறகும் பீட்டின் சொந்த விதி பெரும்பாலும் ‘திருப்பி விடு’ என்றே இருக்கும். தூண்டிலில் பிடித்த சால்மனை விற்கவும் கூடாது. சமைக்க மீன் வேண்டும் என்று வருபவர் பெர்த் நகரத்துக் கடையில் வளர்ப்பு மீன் வாங்கிக்கொள்வதே மேல்.

பீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர் கில்லி. நம் ஊர் கில்லியோடு இதற்குச் சம்பந்தமில்லை. பையன், ஏவலாள் என்ற பொருள்தரும் கேலிக் மொழிச் சொல் இது. ஆனால் ஆற்று விஷயத்தில் அவர் நம் அர்த்தத்திலும் கில்லிதான். எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த நீர்மட்டத்தில் மீன் நிற்கும் என்று மனப்பாடமாக வைத்திருப்பவர் அவர். காலை 9 மணிக்குக் குடிசையில் கூடுவது வழக்கம். ‘விடியலிலேயே ஆரம்பிக்க வேண்டாமா’ என்று கேட்பார்கள். பிப்ரவரியில் விடியல் பிரயோஜனமில்லை, கோல் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும், மீனும் அசையாது, பதினோரு மணிக்குமேல்தான் கொஞ்சம் உயிர் வரும். ஜூன் ஜூலையில் கதை தலைகீழ், நான்கு மணி வெளிச்சத்தில் கிடைப்பது பத்து மணி வெயிலில் கிடைக்காது. மே மாதம் இரண்டுக்கும் நடுவே. ஒன்பது மணி தாமதமில்லை.

ஆற்றைப் படித்தல்

குடிசைக்கு வருவதற்கு முன்பே, முந்தைய இரவு பார்க்க வேண்டியது நீர்மட்டம். ஸ்காட்லாந்துச் சுற்றுச்சூழல் காப்பு முகமை ஆற்று அளவுமானிகளின் கணக்கை இணையத்தில் தருகிறது. டே நதிக்கு கேப்புத், பல்லாதி ஆகிய இரண்டு நிலையங்களைப் பார்த்தால் போதும். எத்தனை மீட்டர் என்ற எண்ணைவிட, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஏறும் வெள்ளத்தில் மீன் இடம்மாறிக்கொண்டே இருக்கும், ஃப்ளையைச் சீண்டாது. வெள்ளம் வடிந்து இரண்டாம் நாள், மூன்றாம் நாள், தண்ணீர் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் தெளியும்போது வாய்ப்பு அதிகம். அந்தத் தேநீர் நிறம் மலைச் சதுப்பில் செடிகள் மட்கிய கரிய மண்ணிலிருந்து வருவது, கெடுதல் இல்லை. காபிக் கலங்கல்தான் கெடுதல். ஐலா நதி விவசாய நிலங்கள் வழியாக வந்து டேயில் சேர்கிறது, அதனால் பெருமழைக்குப் பிறகு அந்தக் கூடலுக்குக் கீழேயுள்ள பீட்டுகள் கலங்கிக் கிடக்க, மேலேயுள்ளவை மீன்பிடிக்கும் நிலையில் இருக்கும்.

மழையே பெய்யாமல் மட்டம் மாறுவதும் உண்டு. டேயில் சேரும் டம்மல் நதியில் மின்சார அணைகள் இருக்கின்றன. பிட்லாக்ரி அணையில் சால்மன் ஏறிப்போக 34 தொட்டிகள் கொண்ட மீன்படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். அணைகளில் தண்ணீர் விடும்போது கீழே ஒரு சாண் ஏறும். கரையோரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அது நனைய ஆரம்பித்தால், இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவர் கரைக்குத் திரும்பும் நேரம்.

அடுத்தது வெப்பமானி. ஒரு கயிற்றில் கட்டி ஓடும் நீரில் இரண்டு நிமிடம் விடுங்கள். 8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் மீன் மேலே எழும்பி வராது. மூழ்கும் லைன் (கனமான தூண்டில் கயிறு), சிறு குழலின்மேல் கட்டிய ஒன்றரை முதல் இரண்டு அங்குலக் குழல் ஃப்ளை, மெதுவான ஓட்டம், அதாவது ஃப்ளை தண்ணீரில் குறுக்கே நீந்தி வருவது மெதுவாக இருக்க வேண்டும். 10க்கு மேலே என்றால் மிதக்கும் லைன், 8 முதல் 12ஆம் எண் முள்ளில் கட்டிய சிறிய ஃப்ளை. மே மாதக் காலைகள் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும். அப்போது லைனின் நுனித்துண்டை மட்டும் மெதுவாக மூழ்குவதாக மாற்றிக்கொண்டு, ஒரு அங்குல ஃப்ளையோடு தொடங்கலாம். 18 டிகிரியைத் தாண்டினால் பிடித்து விட்ட மீன் பிழைப்பது கடினமாகிறது, 20 என்றால் கோலைச் சுருட்டிவிடுவதே நியாயம்.

கோல், லைன், ஃப்ளை

டே பெரிய ஆறு. பிரிட்டனில் இதைவிட அதிகத் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஆறு கிடையாது. எனவே இருகைக் கோல்: 15 அடி, 10ஆம் எண் லைனுக்கானது. நீர் குறைந்த கோடையில் 13 அடி போதும். நான்கு துண்டாக வரும் கோலை நுனியிலிருந்து கோக்க ஆரம்பியுங்கள். ஒவ்வொரு மூட்டையும் சற்றுக் கோணலாக நுழைத்துத் திருகி நேராக்க வேண்டும். பிறகு மூட்டின் மேல் மின்சார வேலைக்கான இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டுங்கள். பிறகு பார்க்கப்போகும் ஸ்பே வீச்சு என்ற முறையில் கோல் ஒவ்வொரு முறையும் முறுக்கப்படுகிறது. ஒரு மணி நேரத்தில் மூட்டு தளர்ந்துவிடும், கவனிக்காமல் வீசினால் மூட்டுக் குழாய் பிளக்கும். கோல் உடைந்த கதைகளில் பாதிக்கு மீன் காரணமில்லை, இந்த நாலு ரூபாய் டேப்பை ஒட்டாததுதான் காரணம்.

ஃப்ளைக்கு எடையே கிடையாது. ஈயம் கட்டி எறிவதுபோல் எறிய முடியாது. எடை லைனில் இருக்கிறது. முன்பகுதி ஏறத்தாழ 40 அடி கனமான ‘ஹெட்’, அதன் முனையில் 15 அடி மாற்றக்கூடிய நுனி, பின்னால் மெல்லிய ஓட்ட லைன், அதற்கும் பின்னால் ரீலில் 150 மீட்டர் பின்னல் கயிறு. லைன் நுனியில், ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நைலான் இழையான தங்கூசி: மூழ்கும் நுனி என்றால் 4, 5 அடி மட்டும், மிதக்கும் லைன் என்றால் 10 முதல் 12 அடி. இங்கே பலர் தவறுவார்கள். மூழ்கும் நுனியில் நீளமான தங்கூசி கட்டினால் லைன் கீழே போகும், ஃப்ளை மேலே மிதந்துகொண்டே வரும். தங்கூசி வலு 15 முதல் 20 பவுண்ட். மெல்லியதாகக் கட்டினால் மீனுக்குக் கண்ணில் படாது என்ற வாதம் டிரவுட் மீனுக்குச் சரி. சால்மனுக்கு அது மீனைக் களைப்பில் சாகடிக்கும் வழி.

ஃப்ளை எது என்பதில் இரவு முழுக்கச் சண்டை போடலாம். கறுப்பு, மஞ்சள், ஆரஞ்சு முடி கலந்த வில்லி கன், ஆரஞ்சும் மஞ்சளும் வால் மினுக்கும் கொண்ட கேஸ்கேட், தெளிந்த தண்ணீருக்குக் கறுப்பு ஸ்டோட்ஸ் டெயில். இந்த மூன்றையும் மூன்று அளவில் வைத்திருப்பவருக்கு வேறு பெட்டி தேவையில்லை. நிறத்தை மாற்றுவதைவிட ஆழத்தையும் அளவையும் மாற்றுவதே பலன் தரும். முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். முடிச்சை இறுக்கும்முன் எச்சிலால் நனையுங்கள், காய்ந்த தங்கூசி உராய்ந்து சூடாகி வலு இழக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தங்கூசியை விரலால் உருவிப் பாருங்கள். வீச்சில் தானாக விழுந்த சிறு முடிச்சு ஒன்று பாதி வலுவைத் தின்றுவிடும்.

தண்ணீருக்குள் இறங்கும்முன்

உயிர்காப்பு மேலாடை, நடைக்கோல், கண்ணாடி, தொப்பி. கண்ணாடி மீனைப் பார்ப்பதற்கு என்று நினைப்பவர்கள் ஒருமுறை காற்றில் திரும்பி வரும் பித்தளைக் குழல் ஃப்ளையைப் பார்க்க வேண்டும். விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் போராடாதீர்கள். மல்லாந்து, கால் முன்னே கீழ்நோக்கி இருக்க, ஓட்டத்தோடு போய்க் கரை ஒதுங்குங்கள்.

நார்வே போன்ற இடத்தில் பயன்படுத்திய, ஆற்றில் இறங்கும் நீர்புகாக் கால்சட்டையும் வலையும் கொண்டு வருபவரிடம் கிருமிநீக்கம் செய்தீர்களா என்று கேட்பார்கள். அங்கே பல ஆறுகளின் சால்மன் குஞ்சுகளை அழித்த ஜைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்ற ஒட்டுண்ணி பிரிட்டனில் இல்லை. ஈரக் கால்சட்டையில் பயணம் செய்யக்கூடியது அது. முழுக்கக் காயவைத்ததுதான் பாதுகாப்பு.

மடுவின் மேல்முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏற்கெனவே ஒருவர் போட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு மேலே, பின்னால். அவருக்குக் கீழே போய் இறங்குவதை இந்த ஆற்றில் மன்னிக்க மாட்டார்கள்.

புதியவர் செய்யும் பெரிய பிழை: வந்ததும் தொடையளவு தண்ணீருக்குள் நடந்து, நடு ஆற்றை நோக்கி முழு நீளமும் வீசுவது. அவர் நடந்து கலக்கிய இடத்தில்தான் மீன் இருந்திருக்கும். மட்டம் சற்று உயர்ந்த நாளில் சால்மன் ஓட்டத்தின் வேகத்தைத் தவிர்க்கக் கரையோரம் ஒதுங்கும். அதனால் முதலில் கரையிலேயே நின்று, கோல் நீளத்துக்கு லைன் விட்டு ஒரு ஓட்டம், பிறகு ஒரு மீட்டர் கூட்டி இன்னொன்று, இப்படி வசதியாக வீசக்கூடிய நீளம் வரும் வரை. அதன்பிறகே இறக்கம். 20, 25 மீட்டர் ஒழுங்காக விழுந்தால் போதும். கில்லி 35 மீட்டர் வீசுவார், அவரோடு போட்டி வேண்டாம்.

மீன் நிற்கும் இடத்துக்கு ஓர் அடையாளம்: ஆள் நடக்கும் வேகத்தில் ஓடும், இடுப்பிலிருந்து ஆள் உயரம் வரை ஆழமுள்ள தண்ணீர். பெரிய பாறைக்குப் பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் நீர் மெத்தைபோல் தடித்து நிற்கும் இடம் உண்டு, அங்கேயும் கிடக்கும். நீர் கூடினால் மடுவின் வால்பகுதி, குறைந்தால் நுரையோடு ஓட்டம் விழும் கழுத்துப் பகுதி.

வீச்சு

பின்னால் மரமும் மேடும் இருப்பதால் லைனைத் தலைக்குப் பின்னே நீட்டி வீச இடமிருக்காது. அதற்குப் பிறந்ததுதான் ஸ்பே வீச்சு. அண்டை நதியின் பெயர். லைனை முதுகுப்பக்கம் வில்லாக வளைத்து, அதன் நுனியை மட்டும் தண்ணீரில் ஒட்டவைத்து, அந்தப் பிடிப்பிலிருந்து முன்னே எறிவது. தண்ணீரில் ஒட்டும் பகுதியை நங்கூரம் என்பார்கள்.

எந்த ஸ்பே வீச்சு என்பதைக் காற்று தீர்மானிக்கும். காற்று ஆற்றோடு கீழ்நோக்கி வீசினால் நங்கூரம் உங்களுக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும்: டபுள் ஸ்பே. காற்று மேல்நோக்கி வீசினால் நங்கூரம் மேல்பக்கம்: சிங்கிள் ஸ்பே. காரணம் எளிது, வில்லையும் முள்ளையும் காற்று உங்களிடமிருந்து அப்பால் தள்ள வேண்டும். மாற்றிச் செய்தால் முள் காதுக்கு வரும்.

டபுள் ஸ்பேயைக் கிட்டத்தில் பார்ப்போம். ஓட்டம் முடிந்து லைன் உங்களுக்கு நேர் கீழே தொங்குகிறது. ஓட்ட லைனை இழுத்து, ஹெட்டின் பின்முனை கோல் நுனிக்கு வரும்வரை சேருங்கள். இழுத்ததைக் கையில் இரண்டு மூன்று வளையமாகப் பிடியுங்கள், முதல் வளையம் பெரியது, அடுத்தது சிறியது, அப்போதுதான் சிக்காது. கோல் நுனி தண்ணீரைத் தொட்டிருக்கட்டும். அவசரமில்லாமல் உயர்த்தி, உடம்புக்கு முன்னால் குறுக்காக மேல்நீரோட்டப் பக்கம் கொண்டுபோய்த் தாழ்த்துங்கள். லைன் உங்கள் முன்னே தண்ணீரில் கிடக்கும், ஃப்ளை மட்டும் இன்னும் ஒரு கோல் நீளத்துக்குக் கீழே. இப்போது கோலைத் திரும்பக் கீழ்ப்பக்கம் சீராகச் சுழற்றுங்கள், லைன் தண்ணீரைச் சர்ரென்று கிழித்துக்கொண்டு உரியும், கோல் தோளுக்கு உயரும், முதுகுப்பக்கம் வில் உருவாகும். அது உருவானதும் மேல்கையால் வழிகாட்டி, கீழ்க்கையை வயிற்றை நோக்கி வெடுக்கென்று இழுத்து, கோலை உயரத்தில் நிறுத்துங்கள்.

லைன் குவியலாக விழுகிறதா? மேல்கை தள்ளுகிறது, கீழ்க்கை தூங்குகிறது. பாதியிலேயே சோர்ந்து விழுகிறதா? தண்ணீரில் லைன் அதிகம் ஒட்டிவிட்டது, சுழற்சி மெதுவாகிவிட்டது அல்லது இடையில் நின்றுவிட்டது. சாட்டைபோல் ‘பட்’டென்று சத்தம் கேட்டால் நங்கூரம் பிடிக்காமல் பிடுங்கிக்கொண்டது. ஃப்ளை இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். முதல் அசைவில் ஃப்ளை உங்களைத் தாண்டி மேலே வந்துவிட்டால் வீசவே வேண்டாம். லைன் தன்மேலேயே குறுக்கிடும், ஃப்ளை உங்கள் முகத்தைக் கடந்து போகும். கீழே விட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். பலம் கூட்டுவது எதற்கும் மருந்தில்லை, வேகத்தைக் குறைப்பது ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மருந்து.

ஓட்டம்

லைன் ஆற்றுக்குக் குறுக்கே, கீழ்நோக்கிச் சாய்வாக, சுமார் 45 டிகிரியில் விழ வேண்டும். விழுந்த கணமே கோல் நுனியால் லைனை மேல்நீரோட்டப் பக்கம் ஒரு வளைவு தூக்கிப் போடுங்கள். இது ‘மெண்ட்’. நடு ஓட்டம் லைனின் வயிற்றைப் பிடித்து இழுத்து ஃப்ளையைச் சாட்டையாகச் சுண்டுவதை இது தடுக்கும். தாமதமாகச் செய்தால், மூழ்கத் தொடங்கிய ஃப்ளையை நீங்களே மேலே இழுத்துவிடுவீர்கள். பிறகு கோலைத் தாழ்த்தி லைன் போகும் பக்கம் காட்டியபடி, ஃப்ளை எதிர்க்கரையிலிருந்து உங்கள் கரை வரை வில்லாக நீந்தி வரட்டும்.

வேகம்தான் எல்லாம். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக வேண்டும், அதற்குக் கோணத்தை இன்னும் கீழ்நோக்கிச் சாயுங்கள். ஓட்டம் செத்த இடத்தில் நேர்க்குறுக்காக வீசிக் கையால் லைனை மெதுவாகச் சேர்த்து வேகம் கொடுங்கள். ஃப்ளை உங்களுக்கு நேர் கீழே வந்து தொங்கும்போது உடனே எடுக்காதீர்கள். ஐந்து நொடி தொங்கட்டும், பிறகு இரண்டு மூன்று முறை இழுங்கள். பின்தொடர்ந்து வந்த மீன் அங்கேதான் முடிவெடுக்கும்.

இரண்டு எட்டு வைத்துக் கீழே நகருங்கள். மறுபடி வீச்சு. மறுபடி இரண்டு எட்டு. நல்ல வீச்சு விழுந்த இடத்திலேயே நின்று அதையே திரும்பத் திரும்பப் போட மனம் இழுக்கும். பசியுள்ள மீன் என்றால் அதற்கு அர்த்தமுண்டு. இங்கே மீன் ஃப்ளையை ஒருமுறை பார்த்துவிட்டது. வேண்டாம் என்றால் வேண்டாம். அடுத்த மீனிடம் நடங்கள். மடு முடிந்ததும் ஆழத்தையோ அளவையோ மாற்றிக்கொண்டு மேலிருந்து இன்னொரு சுற்று. ஒரு மடுவைக் காலையில் இரண்டு முறை இப்படி ஒழுங்காக இறங்கினால் ஒரு மணிச் சாப்பாட்டு வேளை வந்துவிடும்.

கவ்வும்போது சும்மா இருங்கள்

முதலில் தெரிவது ஒரு இறுக்கம். கல்லில் மாட்டியதுபோல, ஆனால் கல் மெதுவாக நகர்வதுபோல. சில சமயம் லைன் ஓர் அங்குலம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். இந்த நொடியில் நம் ஊர்க் கை வெட்டி இழுக்கும். இழுத்தால் ஃப்ளை வாயிலிருந்து வெளியே வந்துவிடும். மீன் உங்களுக்குக் கீழே, மேல்நோக்கி முகம் வைத்துக் கிடக்கிறது, நீங்கள் நேர் எதிரே மேலே நிற்கிறீர்கள். கவ்விய மீன் தன் இடத்துக்குத் திரும்பும்போதுதான் முள் வாயின் ஓரத்துக்கு நழுவிப் பதியும். அந்தத் திருப்பத்துக்கு அவகாசம் வேண்டும்.

இதற்கு இரண்டு கட்சி உண்டு. ரீலுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு முழம் லைனைத் தளர்வாக வைத்திருந்து, மீன் இழுக்கும்போது விட்டுக்கொடுப்பது ஒன்று. ரீலின் தடையை இலேசாக வைத்து, லைனை விரலால் பிடிக்காமல் நேராக ரீலிலிருந்தே கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதே மேல். பதற்றத்தில் விரல் லைனைப் பிடித்துக்கொள்ளும், ரீலுக்குப் பதற்றம் கிடையாது. ரீல் ஓசையிட்டு லைன் ஓடி, அந்தப் பாரம் நிலையாகத் தெரிந்த பிறகு கோலை உயர்த்துங்கள்.

மீன் மாட்டியதும் கரைக்கு ஏறுங்கள், மீனுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ நடந்து போங்கள். மேலே நின்றுகொண்டே இழுத்தால் மீனோடு ஆற்றின் ஓட்டத்தையும் சேர்த்து இழுக்கிறீர்கள். கோலைச் செங்குத்தாகப் பிடிக்காமல் கிடையாகச் சாய்த்துப் பக்கவாட்டில் இழுத்தால் மீனின் தலை திரும்பும், சீக்கிரம் களைக்கும். துள்ளும்போது கோலைத் தாழ்த்திவிடுங்கள், விறைத்த தங்கூசிமேல் மீன் விழுந்தால் அறும். மடுவைத் தாண்டி வெள்ளருவிக்குள் பாய்ந்துவிட்டால் இழுக்காமல் லைனைத் தாராளமாக அவிழ்த்து விடுங்கள். தளர்ந்த லைன் மீனுக்குக் கீழே போய் வளைந்து பின்னாலிருந்து இழுக்கும். எதிர்த்திசையில் தப்பிக்க நினைத்து மீன் தானே மேலே ஏறி வரும். எப்போதும் பலிக்காது, ஆனால் இழுத்துப் பிடிப்பதைவிட அதிகம் பலிக்கிறது.

பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய சால்மன் இந்த ஆற்றில்தான், கேப்புத் அருகே, 1922 அக்டோபர் 7 அன்று ஜார்ஜினா பாலன்டைன் பிடித்தது. 64 பவுண்ட், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராட்டம், அப்பா துடுப்புப் போட்ட படகிலிருந்து. அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை. இன்றைய ஒழுங்கில் பத்துப் பவுண்ட் மீனைப் பத்து நிமிடத்துக்குள் கரைசேர்ப்பதுதான் திறமை. நேரம் நீள நீள, திருப்பி விட்ட மீன் சாகும் வாய்ப்பு கூடுகிறது.

திருப்பி விடுதல்

முடிச்சில்லாத பின்னலுள்ள அகன்ற வலை. தலை முதலில் உள்ளே போக வேண்டும், வால்பக்கமிருந்து கோரினால் ஒரு உதறில் போய்விடும். வலை தண்ணீரிலேயே இருக்கட்டும். கரைமேல் இழுத்துப்போட்டால் செதிலும் மேல்வழும்பும் உரிந்து பூஞ்சை பிடிக்கும். கையை நனைத்துக்கொண்டு, நீண்ட மூக்குக் குறடால் முள்ளை வந்த வழியே கழற்றுங்கள். செவுளுக்குள் விரல் போகவே கூடாது.

என்ன மீன் என்பதையும் அப்போதே பாருங்கள். சால்மனின் வால் அடி ஒடுங்கி இருக்கும், கைப்பிடியில் நிற்கும். கடல் டிரவுட்டின் வால் அடி தடித்தது, வழுக்கும், பக்கக்கோட்டுக்குக் கீழேயும் புள்ளிகள் அதிகம். வால் அருகே நீண்ட இழையோடு கடல் பேன் ஒட்டியிருந்தால், கடலைவிட்டு வந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது. ஒல்லியாக, தலை பெரிதாக, துடுப்பு கிழிந்து, வெள்ளிபோல் மின்னிக்கொண்டிருந்தால் ஏமாற வேண்டாம். அது முட்டையிட்டு முடித்துக் கடலுக்குத் திரும்பும் கெல்ட். அதை வைத்துக்கொள்வது குற்றம்.

எடை பார்க்கத் தூக்கித் தொங்கவிட வேண்டாம், நீளத்தை அளந்தால் போதும். 76 சென்டிமீட்டர் மீன் ஏறத்தாழ பத்துப் பவுண்ட். படம் வேண்டுமென்றால் கேமராக்காரர் தயாரான பிறகு, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, ஒரு மூச்சு நேரம். பிறகு ஒரு கை வால் அடியில், ஒரு கை நெஞ்சுக்கு அடியில், முகம் மேல்நீரோட்டம் பார்த்திருக்க, மெதுவான ஓட்டத்தில் தாங்கிப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம், தண்ணீர் தானே செவுள் வழியே போகும். சில மீன் பத்து நொடியில் உதறிக்கொண்டு போகும், சிலது ஐந்து நிமிடம் கேட்கும். 2023 டிசம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் பிரிட்டன் சால்மன் ‘அழியும் ஆபத்தில்’ என்ற வரிசைக்கு வந்துவிட்டது. அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்கப் பொறுமையில்லாதவருக்கு இந்த ஆற்றில் வேலை இல்லை.

ஒரு மணிக்கு எல்லோரும் குடிசைக்கு ஏறுவார்கள். அடுப்பருகே ஒரு பதிவேடு இருக்கும். தேதி, மடுவின் பெயர், நீளம், ஃப்ளை, திருப்பி விட்டதா என்று எழுத வேண்டும். மீன் இல்லாத நாளும் எழுதுங்கள், நீர்மட்டத்தையும் வெப்பநிலையையும் சேர்த்து. கில்லி அடுத்த ஆண்டு இதே வாரத்தில் யாரை எந்த மடுவில் இறக்குவது என்று பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். மேலாடையைக் காயவைத்து, கோல் மூட்டு டேப்பைத் தொட்டுப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மடுவை மாற்றிக் கொடுப்பார்கள்.